அண்ணி வெளிச்சத்தைக் குறைத்த கதை

என் அண்ணியிடம் போய் யாராவது, "ஒரு நல்ல டார்ச் வேணும்" என்று கேட்டுவிட்டால் போதும், வந்தவருக்கு அன்றைய பொழுது போனது. டார்ச் உடனே கிடைக்காது. முதலில் கேள்விகள்தான் கிடைக்கும். எதுக்கு? எங்கே? கையுறை போட்டுக்கிட்டா, வெறுங்கையிலா? ரெண்டு கையும் வேலையில இருந்தா டார்ச்சை வாயில கவ்வுவீங்களா? பல்லு எப்படி, கெட்டியா? வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில்கூட இப்படிக் குடைய மாட்டார்கள்.

ஒரு மாட்டு டாக்டர் வந்தார். "நல்லா பிரைட்டா இருந்தா போதும்மா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"பிரைட்டா இருந்து? உங்க கை முழங்கை வரைக்கும் பசுவுக்குள்ள இருக்கு. கன்னுக்குட்டி தலை திரும்பிக் கிடக்கு. அந்த நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்து டப்புனு அணைஞ்சா?"

டாக்டர் அப்படி உண்மையிலேயே ஒரு தடவை நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அண்ணி செய்துகொடுத்த டார்ச், சார்ஜ் தீரும்போது சட்டென்று அணையாது. படிப்படியாக மங்கும், அவர் வேலையை முடிக்க நேரம் கொடுக்கும். இன்னொருவர் பூட்டுத் திறக்கிறவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பளிச்சுப் பளிச்சுனு மின்னுற விவகாரத்தை மட்டும் எடுத்துடுங்க. சாவியைத் தொலைச்சவங்க கூப்பிட்டு நான் கதவுகிட்ட குனிஞ்சு நிக்கிறேன், இது மின்ன ஆரம்பிச்சா அக்கம்பக்கத்துல போலீசுக்குப் போன் பண்ணிடுறாங்க."

இந்த வேலையெல்லாம் நடப்பது டிரைவர் போர்டு என்கிற ஒரு துண்டில். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, வட்டமாக இருக்கும். பேட்டரிக்கும் எல்இடிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கரண்ட்டை அளந்து அளந்து எல்இடிக்கு ஊட்டிவிடுவது அதன் வேலை. அதிகமாக ஊட்டினால் எல்இடி கருகிவிடும். எத்தனை நிலை, எது முதலில், சூடானால் என்ன செய்வது, எப்போது அணைவது, எல்லா முடிவையும் அதுதான் எடுக்கும். "டார்ச்சுனு எல்லாரும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறாங்க. குணம் முழுக்க போர்டுலதான் இருக்கு" என்பாள் அண்ணி.

குணம் என்று அவள் சும்மா சொல்லவில்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் அவள் பட்டறை. அங்கே பிஸ்கட் டப்பாக்களில் போர்டுகளைக் குணம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறாள். எடுத்த எடுப்பிலேயே முழு வெளிச்சத்தில் பாய்கிறவை ஒரு டப்பாவில்; அதற்கு முன்கோபி என்று பெயர். விற்றவன் சொன்னதில் பாதிகூடச் செய்யாதவை இன்னொன்றில், அதற்குப் புளுகன். கொஞ்சம் சூடானாலே முகம் சுருங்கி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறவற்றுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவளுடைய மாமியார் என்றால் என்னைப் பெற்றவள்! "அண்ணி, இதெல்லாம் நல்லா இல்ல" என்று ஒருநாள் பொங்கிவிட்டேன். அம்மா உள்ளே இருந்து, "அவ சொல்றதுல என்னடி தப்பு?" என்றாள். பிறந்த வீட்டில் என் செல்வாக்கு அவ்வளவுதான்.

செல்வாக்கைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். என் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நான் பேசக் கற்றுக்கொண்டதும் கையால் பேசக் கற்றுக்கொண்டதும் ஒரே சமயத்தில். கடையில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், அண்ணனுக்கும் உலகத்துக்கும் நடுவில் நான்தான் நின்றேன். எங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர்கள் எல்லாமே அவன் கையில் பிறந்தவை. நான்கு விரலும் கட்டைவிரலும் வாத்தின் அலகுபோல விடாமல் திறந்து மூடினால் அது நான். விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அவன் மகள் குறைமாதத்தில் பிறந்து இத்தனூண்டாக இருந்தாள்; இரண்டு விரலைச் சேர்த்துக் காற்றில் சுற்றி "கொசு" என்று பெயர் வைத்தான். இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், இன்னும் கொசுதான்.

டார்ச் எரிகிற மாதிரி மூடிய கையைச் சட்டென்று விரித்தால் அண்ணி. அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். அங்கேதான் முதன்முதலில் அவள் ஓர் அலுமினியக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள், உள்ளே ஒரு முடி அகலம் கடைந்து தரச் சொல்லி. இவனுக்கு அவள் பேச்சு கேட்காது, அவளுக்கு இவன் கை புரியாது. குழாயை நீட்டினாள், கடைந்து கொடுத்தான், போர்டைப் போட்டுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், மறுபடி கடைந்தான். பட்டறையில் மற்றவர்கள் சாப்பிடப் போய்வந்த பிறகும் இருவரும் அந்த ஒரே குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் வேறு வேறு குழாய்களோடு வர ஆரம்பித்தாள். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒரு மனுஷிக்கு எத்தனை டார்ச்தான் வேண்டும்?

சும்மா சொல்லக்கூடாது, கல்யாணத்துக்கு முன்பே கைப்பேச்சு கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் கை பேசுவதைப் பார்த்தால் அழுகை வரும். இலக்கணம் கிடையாது, வேகம் கிடையாது. "குழம்பில் உப்பு குறைவு" என்று சொல்வதற்குள் குழம்பு ஆறிவிடும். அண்ணன் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, இல்லையென்று எதற்குப் பூசி மெழுக வேண்டும்? அப்புறம் அவன் குழாய் கடைய, அவள் போர்டு வைக்க, இருவரும் ஒரே தொழிலாகிவிட்டார்கள். நானும் சமாதானமாகிவிட்டேன். வாரத்தில் நான்கு நாள் அவர்கள் வீட்டில்தான் இருப்பேன்.

இந்த வருஷம் பள்ளி நாடகத்தில் கொசுவுக்குப் பெரிய வேஷம் கிடைத்தது. ஒரு தையல்காரியின் கதை. அவள் தைக்கிற சட்டை எல்லாம் தப்பாகத்தான் வரும். ஆனால் "சட்டை சரியாத்தான் இருக்கு, உங்க தோள்தான் கோணல்" என்று வாயாலேயே ஊரை நம்பவைத்துவிடுவாள். கடைசியில் ஊரே கோணிக்கொண்டு நடக்கும். விழுந்து விழுந்து சிரிக்கிற நாடகம்; ஆனால் அத்தனையும் பேச்சு. பேச்சு புரியாதவருக்கு, ஒரு பெண் மேடையில் துணியைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் தெரியும்.

கொசு என்னைத் தனியாக மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, இந்தத் தடவை அப்பாவுக்குப் புரியணும்."

"புரியாம என்னடி, வருஷா வருஷம் முதல் வரிசையில உட்கார்ந்து பார்க்கிறானே."

"பார்க்கிறார். முடிஞ்சதும் கட்டைவிரலைத் தூக்கி சூப்பர்ங்கிறார். நான் மரமா நின்னப்பவும் சூப்பர். போன வருஷம் வசனத்தை மறந்துட்டு முழிச்சேன், அதுக்கும் சூப்பர். நான் நல்லா நடிக்கிறேனா, கேவலமா நடிக்கிறேனான்னு அப்பாவுக்குத் தெரியவே தெரியாது அத்தை. அது எனக்கு எப்படி இருக்கும்?"

"நான் மேடை ஓரத்துல நின்னு கையால சொல்றேன். ஒரு வசனம் விடாம" என்றேன்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. நாடக டீச்சர் நல்ல மனுஷி, உடனே சம்மதித்துவிட்டார். ஆனால் நாடகத்தில் பாதிக் காட்சிகள் இருட்டு. தையல்காரியின் கடையில் ஒரே ஒரு விளக்கு எரிகிற மாதிரி ஏற்பாடு. ஓரத்தில் நிற்கிற எனக்கு இன்னொரு மேடை விளக்கைப் போட்டால் அந்த இருட்டு கெட்டுவிடும். "ஒரு மின்மினி அளவு வெளிச்சம்னா பரவாயில்லை. அதுக்கு மேல போனா எல்லாரும் நாடகத்தை விட்டுட்டு உங்களைத்தான் பார்ப்பாங்க" என்றார். என்னைப் பார்ப்பதில் என்ன குறை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

விஷயம் அண்ணி காதுக்குப் போனது. அவள் ஈயம் பற்றவைக்கிற சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்தாள். கண் மின்னியது.

அன்றிலிருந்து நானும் வாடிக்கையாளர் ஆகிவிட்டேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். கை எவ்வளவு உயரம் போகும்? பக்கவாட்டில்? வளையல் போடுவியா? போடுவேன். கழற்றணும், மின்னும். கோபமா பேசுற இடத்துல கை எவ்வளவு முன்னால வரும்? முகமும் தெரியணும்தானே? கைப்பேச்சில் பாதி முகத்தில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். முதலில் டார்ச்சைக் கீழே தரையில் வைத்து மேலே அடித்துப் பார்த்தாள். எதிரே கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் குதித்தேன்.

"அண்ணி! பேய் மாதிரி இருக்கேன்!"

"வெளிச்சம் இல்லாமலே பாதி அப்படித்தான், நாத்தனாரே."

கடைசியில் மைக் ஸ்டாண்டில் பொருத்தி, தலைக்கு மேலிருந்து சாய்வாக அடிப்பதென்று முடிவானது. அண்ணன் குழாயைக் கடைந்தான். வெளிச்சம் நாடகத்துப் பக்கம் சிதறாமல் இருக்க முன்னால் ஒரு கூம்பும் கடைந்து கறுப்படித்தான்.

இனி போர்டு. இரண்டு போர்டுகளை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு அண்ணி நாள் முழுக்கப் பார்த்தாள். வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டாம். ஒன்று, கரண்ட்டையே குறைவாக, ஆனால் விடாமல் கொடுப்பது. அப்படிக் குறைத்தால் பல எல்இடிகளுக்கு நிறம் மாறி லேசாகப் பச்சை தட்டும். இன்னொன்று, கரண்ட்டை முழுதாகக் கொடுத்துவிட்டுப் படுவேகமாக அணைத்து அணைத்துப் போடுவது. அணைவது கண்ணுக்குத் தெரியாது, மங்கலாக எரிகிற மாதிரிதான் தெரியும். நிறம் அப்படியே இருக்கும்.

"நிறம்தான் முக்கியம்" என்று முடிவெடுத்தாள். "அவர் தங்கச்சியோட கை அவருக்கு அவர் தங்கச்சி கை மாதிரியே தெரியணும். பச்சையடிச்சா மனசு ஒட்டாது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்காகவே எத்தனை எல்இடி மாற்றினாள்! இளமஞ்சள், வெண்மஞ்சள், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. என் கையை வெயிலில் நீட்டச் சொல்வாள், அப்புறம் திரையை மூடி டார்ச்சில் நீட்டச் சொல்வாள். என் கைக்கு இவ்வளவு மரியாதை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. கடைசியில் சரியான நிறம் வந்ததும் அவளே கைதட்டினாள்.

அரங்கத்தில் முழு ஒத்திகை. அண்ணன் வழக்கம்போல முதல் வரிசையில். நான் மேடையின் ஓரத்தில், பின்னால் கறுப்புத் திரை, மேலே அண்ணியின் டார்ச். டீச்சர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "அருமை, நாடகத்துக்குத் துளிக்கூட இடைஞ்சல் இல்லை" என்றார். நான் வெளுத்து வாங்கினேன். ராணியாகவும் கிழவனாகவும் தையல்காரியாகவும் மாறி மாறிக் கையால் பேசினேன். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான். மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் கொசு கொசுதான், சும்மா விடாது. கடைசிக் காட்சிக்கு முந்தின காட்சியில், கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு மேடை முன்னால் வந்தவள், நாடகத்திலேயே இல்லாத ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொன்னாள்:

"எங்க அப்பாவோட மீசையைப் பார்த்திருக்கீங்களா? செத்துப்போன எலியோட வால் மாதிரி இருக்கும்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் கை பழக்கத்தில் ஓடியது. மீசை, எலி, செத்தது, வால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு அவன் மீசை என்றால் உயிர். அதற்குத் தனிச் சீப்பு, தனி எண்ணெய். யாராவது அதைப் பற்றி ஒரு சொல் சொன்னால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அவன் புன்னகையோடு தலையாட்டினான். கட்டைவிரலைத் தூக்கி, சூப்பர் என்றான்.

கொசு மேடையில் அப்படியே நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன், என் கையும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னது ஒண்ணும் உனக்குப் புரியலதானே? பொய் சொல்லாதே" என்றது என் கை.

அவன் கூடத்து விளக்கில் அண்ணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மென்று முழுங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீ கையை அசைச்சா உனக்கு முப்பது விரல் தெரியுது. விசிறி மாதிரி. எது எந்த விரல்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. தலை வலிக்குது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"கலர் சரியா வரணும்னு அவ எவ்வளவு பாடுபட்டா. எப்படிச் சொல்றது?"

எனக்கு ஒரே சமயத்தில் அழுகையும் ஆத்திரமும் வந்தது. இப்படித்தானே எல்லா வருஷமும் தலையாட்டியிருக்கிறான். யார் மனசும் நோகக்கூடாதென்று உட்கார்ந்து உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறான். கொசு அறைக்குள் போய்விட்டாள்.

அண்ணி சமையலறைக்கு ஓடினாள். ஒரு கரண்டியோடு வந்தாள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் போட்டு, அதன் முன்னால் கரண்டியை விர்ரென்று ஆட்டினாள். ஒரு கரண்டி இல்லை. வரிசையாகத் தனித்தனிக் கரண்டிகள் காற்றில் நின்றன, பாத்திரக்கடையில் தொங்குகிற மாதிரி. அணைத்து அணைத்துப் போடுகிற வெளிச்சம்! அணைகிற நேரத்தில் கை நகர்ந்துவிடும், மறுபடி எரியும்போது இன்னொரு இடத்தில் தெரியும்.

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். இந்த போர்டு இப்படித்தான்னு எனக்கு நல்லாத் தெரியும். இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல. சொல்ல மாட்டாங்க. பூட்டு நகராது. தண்ணிக் குழாய் நகராது. பாறை நகராது. டார்ச் அடிச்சு யாரும் இவ்வளவு வேகமா ஆடுற எதையும் பார்த்ததில்லையே! கையை நிக்கவச்சு நிக்கவச்சுல்ல நான் கலர் பார்த்துக்கிட்டு இருந்தேன்!"

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் கை அன்றைக்குத்தான் முதன்முதலாக வேகமாகப் பேசியதைப் பார்த்தேன். இலக்கணம் அப்போதும் இல்லை. "நீ. வாய் மூடி. தலை ஆட்டி. இனிமே. ஆட்டின. மீசை. நான். எடுப்பேன்."

அண்ணனுக்கு அது மட்டும் ஓர் எழுத்து விடாமல் புரிந்தது.

மறுநாள் காலையில் எல்லா டப்பாவையும் கவிழ்த்தாள். நாடகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் பக்கத்தில் நின்றேன். புதிதாக போர்டு வரவழைக்க நேரமில்லை. கையில் இருப்பவை ஒன்றைத் தவிர எல்லாமே குறைந்த வெளிச்சத்துக்கு அணைத்து அணைத்துப் போடுகிற வகைதான். விடாமல் கொடுக்கிற அந்த ஒரு போர்டிலோ, குறைத்தால் சிறிது நேரத்தில் வெளிச்சம் தானாக நடுங்க ஆரம்பித்தது. அண்ணி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

திடீரென்று எழுந்து என் தோளில் ஓர் அடி போட்டாள். பலமான அடி.

"முழு வெளிச்சத்துல இது அணையாது! விடாம எரியும்! குறைக்கச் சொன்னாத்தானே அணைச்சு அணைச்சுப் போடுது? நாம குறைக்கவே சொல்ல வேணாம்!"

"அப்புறம் டீச்சர் கேட்ட மின்மினி?"

"இதோட முழு வெளிச்சத்தையே மின்மினி ஆக்கிடலாம்!"

போர்டில் மிளகு அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அதிகபட்சமாக எவ்வளவு கரண்ட் போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். வருகிறவர்கள் எல்லாரும், "இன்னும் ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க" என்று கேட்பார்கள். அண்ணியும் அதன் முதுகில் இன்னொன்றை ஏற்றிவைத்துக் கரண்ட்டைக் கூட்டிக் கொடுப்பாள். இப்போது அதை உருக்கி எடுத்துவிட்டு, மதிப்பு அதிகமான வேறு ஒன்றை வைக்க வேண்டும்; கரண்ட் இறங்கிவிடும். "இத்தனை வருஷத்துல வெளிச்சத்தைக் கொறைக்கிறதுக்காக அயர்னைக் கையில எடுக்கிறது இதுதான் முதல் தடவை" என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். முதலில் வைத்தது அதிகம். அடுத்தது மிகவும் மங்கல். மூன்றாவது சரி. மற்ற நிலைகளை எல்லாம் வெட்டிவிட்டாள். அழுத்தினால் எரியும், அழுத்தினால் அணையும், அவ்வளவுதான் அந்த டார்ச்சுக்குத் தெரியும்.

நிறம் பச்சையடித்தது. என் கை பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி இருந்தது. "இருக்கட்டும் அண்ணி, புரிஞ்சா போதும்" என்றேன். "உன் கைக்குப் போதும், எனக்குப் போதாது" என்று இன்னொரு டப்பாவைக் குடைந்தாள். யாருக்கும் பிடிக்காததால் ஒதுக்கி வைத்த எல்இடி ஒன்று கிடைத்தது, எரித்தால் லேசாக ரோஜா நிறம் அடிப்பது. அதைப் போட்டதும் பச்சையும் ரோஜாவும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. என் கை என் கையாகிவிட்டது.

திரையை மூடி அறையை இருட்டாக்கினோம். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான், கொசு அவனை ஒட்டி உட்கார்ந்தாள். "உன்னால எவ்வளவு வேகமா பேச முடியுமோ அவ்வளவு வேகமா பேசு" என்றாள் அண்ணி.

அவளே கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பற்றி என் மனசில் இருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். மாமியார் டப்பா, தோளில் போட்ட அடி, குழம்புக்கு உப்பு போட மறப்பது, என் நல்ல டிபன் பாக்ஸில் ஸ்க்ரூ போட்டு வைத்தது, ஒன்று விடவில்லை. கை பறந்தது. அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்தால் வீடே அதிரும். தன் சிரிப்பின் சத்தம் அவனுக்குத் தெரியாது. கொசு தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணிக்கு என் வேகத்தில் பாதிதான் பிடிபட்டது. "என்னவாம்? என்ன சொல்றா?" என்று அவன் கையை உலுக்கினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "உன்னை மாதிரி ஒரு அண்ணி கிடைக்க மாட்டாளாம்."

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. விளக்குகள் அணைந்தன. மேடையில் ஒரு விளக்கு, ஓரத்தில் என் இரண்டு கை. நான் யாரையும் பார்க்கவில்லை, முதல் வரிசையை மட்டும்தான் பார்த்தேன். வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பதால் சில இடத்தில் என் கை கொசுவின் வாயை முந்திக்கொண்டது. "உங்க தோள்தான் கோணல்" என்கிற இடம் வருவதற்குள் அண்ணன் வெடித்துச் சிரித்துவிட்டான். அரங்கமே திரும்பிப் பார்த்தது. வசனம் வந்தது, அப்புறம்தான் மற்ற எல்லாரும் சிரித்தார்கள். மேடையில் கொசு ஒரு நொடி தடுமாறி, அதற்கப்புறம் பிடித்தாள் பாருங்கள், அடேயப்பா, கண்பட்டுவிடும், நான் அதிகம் சொல்லப்போவதில்லை.

முடிந்ததும் நால்வரும் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினோம். ஊருக்கெல்லாம் டார்ச் செய்கிறவள் கையில் ஒரு டார்ச் இல்லை; இருந்ததையும் அரங்கத்து ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தெருவிளக்குகள் தூரத்துக்கு ஒன்றாக எரிந்தன.

முதல் விளக்கின் அடியில் அண்ணன் நின்றான். கொசு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அண்ணியும் பின்னாலேயே நின்றோம்.

அவன் கட்டைவிரலைத் தூக்கவில்லை. முகத்தைச் சுளித்தான்.

"ராணி சட்டையைப் போட்டுப் பார்க்கிறப்ப நீ ஏன் சிரிச்ச?"

கொசுவுக்குப் புரியவில்லை. "நான் சிரிக்கல."

"சிரிச்ச. உதட்டு ஓரத்துல. பொய் சொல்றவ சிரிக்க மாட்டா, நீ சொல்றதை நீயே நம்பணும். அப்புறம் கிழவன்கிட்ட பேசுற வசனம். ரொம்ப அவசரம். அவன் முதுகு கோணலாகுறதுக்கு நேரமே கொடுக்கலையே நீ."

"அது டீச்சர் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க!"

"டீச்சர் சொன்னா? உனக்குப் புத்தி எங்க போச்சு?"

கொசு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் காது வரைக்கும் சிரிக்கிறது. "அத்தை!" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். "அப்பா குறை சொல்றார் அத்தை!"

"என்னவாம்? என்னவாம்?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் அண்ணி.

"உங்க பொண்ணு நடிப்பு சரியில்லையாம் அண்ணி" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை, எனக்கே. அண்ணி மூக்கை உறிஞ்சி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. கத்தரிக்கோலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டே நடந்தான்; விளக்கைத் தாண்டியதும் இருட்டு வந்து அவன் கை மறைந்தது. கொசுவுக்குப் பொறுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த விளக்கை நோக்கி ஓடினாள். அங்கே போய் நின்று, மூச்சு வாங்க, அவனுக்கு நேராகத் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க" என்றது அவள் கை. "இன்னும் என்னென்ன தப்பு பண்ணேன்?"